பரிசுச் சீட்டு ஒட்டிய புத்தகம்: மொன்றியலின் பழைய சிறுவர் நூல்களைச் சான்றாக வாசித்தல்

1. கேள்வி

மொன்றியல் தீவின் வடகரையில், ரிவியேர் தே ப்ரேரி ஆற்றை ஒட்டி நீளும் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில், கியூபெக்கின் கத்தோலிக்கக் கல்வி வரலாற்றோடு நெருங்கிய உறவுடைய வட்டாரம் ஆகும். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுப்பப்பட்டு இன்றும் நிற்கும் விசித்தாசியோன் தேவாலயமும், அதைச் சூழ்ந்த சோல்ட்-ஓ-ரெக்கொலே கிராமத்தில் 1850களில் இயேசு சபையார் அமைத்த நவதுறவியர் இல்லமும், அதே காலத்தில் திருஇருதயக் கன்னியர் தொடங்கிய மடப்பள்ளியும் அவ்வுறவுக்குச் சாட்சிகள். 1960களுக்குப் பின் துறவற சபைகள் சுருங்க, மடங்களின் நூலகங்களும் அவற்றில் பயின்றவர்களின் வீட்டு அலமாரிகளும் கலைந்தன. அவ்வாறு கலைந்த நூல்களில் ஒரு பகுதி பழைய பொருட்கடைகளுக்கும் தேவாலய நிலவறைகளில் பங்கு மக்கள் நடத்தும் மலிவு விற்பனைகளுக்கும் வந்து சேர்கிறது. சிவப்புத் துணி அட்டையும் பொன்னிற எழுத்தும் கொண்ட பழைய பிரெஞ்சுச் சிறுவர் நூல் ஒன்று இத்தகைய கடையில் சமையல் குறிப்பு நூல்களுக்கும் பழைய அகராதிகளுக்கும் இடையே கிடைப்பது இந்நகரில் அரிதான நிகழ்வு அன்று.

அத்தகைய நூல் எதற்குச் சான்றாகும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அது அக்காலக் குழந்தைகள் எதை வாசித்தார்கள் என்பதைக் காட்டுகிறதா, பெரியவர்கள் அவர்கள் எதை வாசிக்க வேண்டும் என்று விரும்பினார்கள் என்பதை மட்டுமே காட்டுகிறதா, அல்லது நூல்கள் எவ்வாறு தப்பிப் பிழைக்கின்றன என்பதைக் காட்டுகிறதா? மூன்றுக்கும் அது ஓரளவு சான்றுதான். எனினும் மூன்றாவதைக் கணக்கில் எடுக்காமல் முதல் இரண்டைப் பற்றிப் பேசுவது பெரும் பிழைக்கு இட்டுச்செல்லும் என்பது இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

2. பரிசுப் புத்தகம் என்னும் ஏற்பாடு

கியூபெக்கின் பழைய சிறுவர் நூல்களுள் பெரும்பகுதி ‘பரிசுப் புத்தகம்’ என்ற வகையைச் சேர்ந்தது. கல்வியாண்டின் முடிவில், பெற்றோரும் பங்குத்தந்தையும் கூடிய விழாவில், மறைக்கல்விக்கும் இலக்கணத்துக்கும் நன்னடத்தைக்கும் எனத் தனித்தனியே மாணவருக்கு வழங்கப்பட்ட நூலே அது. இந்த வழக்கம் பிரான்சிலிருந்து வந்தது. தூர் நகரைச் சேர்ந்த மாம் பதிப்பகம் 19ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இளைஞருக்கான கதைகளையும் புனிதர் வரலாறுகளையும் அலங்கார அட்டையிட்டுப் பெருந்தொகையாக அச்சிட்டுப் பிரெஞ்சு மொழி வழங்கிய நாடுகளுக்கெல்லாம் அனுப்பியது. கியூபெக் பள்ளிகளும் நெடுங்காலம் இந்த இறக்குமதியையே நம்பியிருந்தன. அதற்கு ஈடாக உள்நாட்டு நூல்களைப் பரிசாக வழங்கும் முயற்சி 1876இல், கல்வித் துறையின் தலைவராயிருந்த ஜெதியோன் உயிமே காலத்தில், எழுத்தாளரும் குருவுமான ஆன்ரி-ரேமோன் காஸ்கிரேன் வழியே தொடங்கியது. பின்னர் போஷ்மேன், கிரான்ஷே போன்ற மொன்றியல் பதிப்பகங்கள் இச்சந்தையை மனத்தில் கொண்டே தொடர்வரிசைகளை வெளியிட்டன.

1925ஆம் ஆண்டின் ஷொக்கெத் சட்டம் இந்த ஏற்பாட்டை உறுதிப்படுத்தியது. பள்ளி ஆணையங்கள், அதாவது உள்ளூர்ப் பள்ளிகளை நிர்வகித்த அமைப்புகள், பரிசுப் புத்தகங்களுக்குச் செலவிடும் தொகையில் பாதியைக் கனடிய நூல்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று அது விதித்தது. மாகாணச் செயலாளராயிருந்த அத்தனாஸ் தாவித் அரசின் சார்பிலும் உள்நாட்டு எழுத்தாளரின் நூல்களை வாங்கிப் பள்ளிகளுக்கு வழங்கினார். தமிழ்நாட்டில் நூலக ஆணையை எதிர்பார்த்துப் பதிப்பகங்கள் ஆண்டுத் திட்டம் வகுப்பதை அறிந்த வாசகருக்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை. வாங்குபவர் ஒருவர், வாசிப்பவர் வேறொருவர் என்ற நிலையில், நூலின் உள்ளடக்கம் வாங்குபவரின் விருப்பத்துக்கே வளைந்துகொடுக்கிறது.

இச்சூழலில் தோன்றியும் இச்சூழலை ஓரளவு கடந்தும் நின்ற நூலாக மரி-கிளேர் தவெலுய் எழுதிய ‘பெரீனும் ஷார்லோவும் கண்ட சாகசங்கள்’ என்ற நாவலைக் குறிப்பிடலாம். மொன்றியல் நகர நூலகத்தில் பணியாற்றியவரும், பின்னர் 1937இல் நூலகர் பயிற்சிப் பள்ளியின் நிறுவனர்களுள் ஒருவருமான தவெலுய் (1880-1968) இக்கதையை முதலில் ‘லுவாஸோ ப்ளோ’ என்ற சிறுவர் இதழில் தொடராக எழுதினார். அவ்விதழ் சேன்-ஜான்-பத்தீஸ்த் சங்கத்தால் வெளியிடப்பட்டது. பிரெஞ்சுக் கனடியரின் மொழியையும் மரபையும் பேணுவதைக் குறிக்கோளாகக் கொண்டது அச்சங்கம். 1923இல் நூலாக வந்த இக்கதை மறு ஆண்டே தாவித் இலக்கியப் பரிசைப் பெற்றது. பிரான்சில் பெற்றோரை இழந்த அக்காளும் தம்பியும் 17ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து நியூ பிரான்சுக்கு, அதாவது அன்றைய பிரெஞ்சுக் குடியேற்றத்துக்கு, வந்து சேர்வதே இதன் கதை. கியூபெக்கில் குழந்தைகளுக்கென்றே எழுதப்பட்ட முதல் நாவல் என்று வரலாற்றாசிரியர் பொதுவாகக் குறிப்பிடுவது இதனையே. பெரியவர்களுக்காக எழுதப்பட்டவற்றைச் சுருக்கியும் நீதி சேர்த்தும் பரிசாகக் கொடுத்துவந்த காலத்தில், குழந்தைகளையே கதையின் நடுவில் நிறுத்தியது இதன் சாதனை.

பள்ளிக் கல்வி 1964இல் புதிதாக அமைந்த கல்வி அமைச்சின் கீழ் வந்து, திருச்சபையின் பிடி தளர்ந்தபோது பரிசளிப்பு விழாக்களும் மறைந்தன. உறுதியான சந்தையை இழந்த சிறுவர் பதிப்புத் தொழில் அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஏறக்குறைய நின்றேபோனது. எழுத்தாளரும் நூலகரும் ஆசிரியரும் சேர்ந்து 1971இல் ‘கொம்யுனிக்காசியோன்-ழெனெஸ்’ அமைப்பைத் தொடங்கியது அந்த வெறுமைக்கு எதிர்வினையாகத்தான். எனவே இன்று பழைய பொருட்கடையில் கிடைக்கும் சிவப்பு அட்டை நூல், தொடர்ச்சி அறுந்த ஒரு பதிப்புலகின் எச்சமாகும்.

3. இதுவரையிலான வாசிப்புகள்

இத்தகைய நூல்களை அணுகுவதில் மூன்று போக்குகளைக் காணலாம். முதலாவது நினைவேக்கம் சார்ந்தது. அதை ஆய்வுலகம் இழிவாகப் பார்ப்பது சரியன்று. கனடாவின் மிகப் பெரிய பழஞ்சிறுவர் நூல் தொகுப்பாகிய டொரன்டோ பொது நூலகத்தின் ஆஸ்போர்ன் தொகுப்பு நினைவேக்கத்தில் பிறந்ததே. டர்பிஷர் மாவட்ட நூலகராயிருந்த எட்கர் ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலேயர், தாமும் தம் மனைவியும் சிறுவயதில் படித்த நூல்களின் பிரதிகளைத் தேடி வாங்கத் தொடங்கி, சுமார் 2,000 நூல்கள் சேர்ந்த நிலையில் 1949இல் அவற்றை டொரன்டோவுக்கு வழங்கினார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்தவை பிற்காலத்தில் தமிழியல் ஆய்வின் அடித்தளங்களுள் ஒன்றாக மாறியதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். சேகரிப்பவரின் பற்று முந்தியும் ஆய்வாளரின் கேள்வி பிந்தியும் வருவதே பழைய நூல்களின் உலகில் இயல்பான வரிசை.

இரண்டாவது போக்கு கருத்தியல் விமர்சனம். ஜாக்குலின் ரோஸ் 1984இல் பீட்டர் பான் கதையை முன்வைத்து எழுதிய நூலில், சிறுவர் இலக்கியம் என்பது பெரியவர்கள் தமக்குத் தேவையான குழந்தை ஒன்றைக் கற்பித்துக்கொள்ளும் வடிவம் என்று வாதிட்டார். பரிசுப் புத்தகங்களைப் பொறுத்தவரை இந்த வாதம் பெரிதும் பொருந்துகிறது. குடியேற்றக் கால வீரரும் மறைச்சாட்சிகளும் நிலத்தை விட்டுப் போகாத உழவரும் அந்நூல்களின் நாயகர்களாக இருந்தது தற்செயல் அன்று. பிரான்சுவாஸ் லெபாஜ் 2000இல் வெளியிட்ட கியூபெக் சிறுவர் இலக்கிய வரலாறு இக்காலத்தின் சமய, தேசியக் குறிக்கோள்களையும் அவற்றினூடே எழுத்தாளர் சிலர் கண்ட சுதந்திரத்தையும் விரிவாக எடுத்துரைக்கிறது.

மூன்றாவது போக்கு வாசகரின் தடயங்களைத் தேடுவது. எம். ஓ. கிரென்பி 2011இல் வெளியிட்ட, 1700 முதல் 1840 வரையான ஆங்கிலேயக் குழந்தை வாசகர் பற்றிய ஆய்வில், நூலகங்களிலுள்ள ஆயிரக்கணக்கான பழைய சிறுவர் நூல்களில் எழுதப்பட்ட பெயர்களையும் தேதிகளையும் கிறுக்கல்களையும் தொகுத்து, யார் எந்த வயதில் எந்த நூலை வைத்திருந்தார்கள் என்பதை மீட்டெடுக்க முயன்றார். நூலின் வாசகத்தை மட்டும் படித்து அதைக் குழந்தை அப்படியே ஏற்றது என்று கருதும் பழக்கத்துக்கு இது தேவையான மாற்று. பழைய பொருட்கடைப் பிரதியை ஆராய்வதற்கு இந்த மூன்றாம் போக்கே மிகப் பொருத்தமானது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

4. ஒரு பிரதி என்ன சொல்லும்

பரிசுப் புத்தகத்தின் முகப்புத் தாளுக்கு எதிரே ஒட்டப்பட்டிருக்கும் சிறு அச்சுத் துண்டைப் பரிசுச் சீட்டு எனலாம். பள்ளியின் பெயர், மாணவரின் பெயர், எந்தப் பாடத்துக்கான பரிசு, ஆண்டு, வழங்கியவரின் கையொப்பம் ஆகியவை அதில் இடம்பெறும். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஆயரின் அச்சு அனுமதி இருக்கலாம்; நூலின் கருத்துகள் விசுவாசத்துக்கும் ஒழுக்கத்துக்கும் முரணானவை அல்ல என்று திருச்சபை தரும் சான்று அது. அட்டையின் அலங்காரமே மேடையில் கைமாறும் கணத்தில் எல்லார் கண்ணிலும் படுவதற்காக அமைந்தது. இவை யாவும் கொடுத்தவரைப் பற்றித் தெளிவாகப் பேசுகின்றன. பெற்றவரைப் பற்றி அவர் எந்தப் பாடத்தில் தேர்ந்தார் என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை.

வாசித்ததற்கான தடயங்கள் வேறு வகையின: மூலை மடிப்பு, ஓரங்களில் படிந்த விரல் அழுக்கு, படங்களுக்குத் தீட்டிய வண்ணம், சகோதரர் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதிய பென்சில் வரி. காகித அட்டையோடு வந்த பழைய பிரெஞ்சு நூல்களில் தாள்கள் மடிந்தபடியே தைக்கப்பட்டிருக்கும். கத்தியால் வெட்டிப் பிரித்தால்தான் படிக்க முடியும். நடுவில் வெட்டு நின்றுபோயிருந்தால், வாசிப்பும் அங்கேயே நின்றது என்று ஐயமின்றிக் கூறலாம். பழைய நூல்கள் தரும் சான்றுகளுள் இவ்வளவு உறுதியானது வேறில்லை.

எனினும் இங்குதான் பிழைத்தலின் சிக்கல் எழுகிறது. குழந்தைகள் மிகவும் விரும்பிய நூல்கள் கைக்குக் கை மாறி, முதுகு பிரிந்து, பக்கங்கள் உதிர்ந்து, இறுதியில் குப்பைக்குப் போகின்றன. மரியாதைக்குரிய பரிசாக அலமாரியில் வைக்கப்பட்டு அரிதாகவே திறக்கப்பட்டவை நல்ல நிலையில் எஞ்சுகின்றன. பழைய பொருட்கடையிலும் வகைபிரிப்போர் உடைந்தவற்றை ஒதுக்கி, அட்டை நன்றாக இருப்பவற்றையே அடுக்கில் வைப்பர். ஆகவே இரு முறை வடிகட்டப்பட்ட பின்பே நூல் வாங்குபவரின் கைக்கு வருகிறது. இரு வடிகட்டல்களும் குறைவாக வாசிக்கப்பட்ட நூலுக்கே சாதகமானவை. எஞ்சிய நூல்களை எண்ணி அக்காலக் குழந்தைகளின் வாசிப்பை வரையறுக்க முயலும் ஆய்வு, பரிசு கொடுத்தவர்களின் விருப்பப் பட்டியலையே குழந்தைகளின் விருப்பமாக எழுதிவிடும் அபாயத்தில் இருக்கிறது. மலிவான தாளில் அச்சான சிறுவர் இதழ்கள் இதற்கு மறுதலைச் சான்று. தவெலுயின் கதையைத் தொடராகத் தாங்கியவை போன்ற இதழ்கள் பெரும்பாலும் படிக்கப்பட்டும் படம் வெட்டப்பட்டும் அழிந்திருக்கும்; அதே கதை கெட்டி அட்டை நூலாகத் தப்பியது.

இந்த இடைவெளியைப் பொது நூலகங்கள் நிரப்பியிருக்க முடியாதா என்ற கேள்வி எழலாம். கியூபெக்கில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் தேசிய நூலகத்துக்கு அளிக்கக் கட்டாயப்படுத்தும் சட்டவழிச் சேமிப்பு 1968இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வெளியானவற்றை நூலகம் பின்னோக்கித் தேடியே சேர்க்க வேண்டியிருந்தது. மேலும் தேசிய நூலகம் நாடுவது பெரும்பாலும் நல்ல நிலையிலுள்ள பிரதியையே. எண்ணிம வடிவில் வலைவழி கிடைப்பதும் அத்தகைய ஒரு பிரதிதான். வாசகத்தைப் பாதுகாக்க அது போதும். வாசிப்பின் வரலாற்றுக்குத் தேவையானவையோ கறை படிந்த, பெயர் எழுதிய, வண்ணம் தீட்டிய பிரதிகள். அவற்றுக்கு இன்றுவரை பழைய பொருட்கடையே அடைக்கலம்.

5. வட்டாரத்தின் பெயரும் ஒரு பழங்கதையும்

பழைய நூல் தன் காலத்து அறிவைத் திருத்தமின்றிச் சுமந்து வருகிறது என்பதற்கு அஹுன்ட்சிக் என்ற பெயரே சிறந்த எடுத்துக்காட்டு. 1625இல் ஹுரோன் மக்களின் நாட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ரெக்கொலே சபைத் துறவி நிக்கொலா வியல், ரிவியேர் தே ப்ரேரி ஆற்றின் கடைசி நீர்ப்பாய்ச்சலில், தம் இளந்தோழருடன் மூழ்கி இறந்தார். அந்தத் தோழரே அஹுன்ட்சிக். அவர் கிறித்துவத்தைத் தழுவிய ஹுரோன் இளைஞர் என்றும், இருவரும் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட மறைச்சாட்சிகள் என்றும் திருச்சபை மரபு போற்றியது. இருவருக்கும் சோல்ட்-ஓ-ரெக்கொலே தேவாலயத்தருகே சிலைகளும் எழுந்தன. ஆனால் 1942இல் வரலாற்றாசிரியர் அர்க்காஞ் கோத்பூ மூல ஆவணங்களை மீளாய்ந்து, அத்தோழர் பழங்குடிப் பெயரால் அழைக்கப்பட்ட பிரெஞ்சு இளைஞராகவே இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். அது கொலைதானா, விபத்தா என்பதும் ஐயத்துக்கு உள்ளானது.

பரிசுப் புத்தகங்களின் பொற்காலத்தில் பயின்ற குழந்தைகளுக்குக் கிடைத்தது மறைச்சாட்சிக் கதைதான். அதில் மதம் மாறிய பழங்குடியினர் நல்லவர், மாறாதவர் கொடியவர் என்ற பிரிவினை உறைந்திருந்தது. இரோக்குவா, ஹுரோன் மக்களைப் பற்றி அக்காலச் சிறுவர் நாவல்கள் தரும் சித்திரத்தையும் இதிலிருந்து பிரிக்க முடியாது; தவெலுயின் நாவலும் இதற்கு விலக்கன்று. இன்றைய பள்ளி நூலகர் இத்தகைய நூல்களை அலமாரியிலிருந்து எடுத்துவிடுவதில் நியாயம் உண்டு. நூலகம் கழித்தது மலிவு விற்பனைக்குப் போகிறது. ‘மொன்றியல் நூலக நண்பர்கள்’ சங்கம் நகர நூலகங்கள் கழித்த நூல்களை இவ்வாறு விற்றுவந்துள்ளது. விளக்கக் குறிப்போ ஆசிரியரின் துணையோ இல்லாமல் அந்தப் பழஞ்சித்திரம் மீண்டும் ஒரு குழந்தையின் கைக்குப் போகலாம் என்ற கவலை பொருளற்றதன்று.

ஆயினும் அந்தக் கவலைக்கு ஒன்ராறியோவின் தென்மேற்கிலுள்ள பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பள்ளி வாரியம் ஒன்று கண்ட தீர்வு ஏற்கத்தக்கதாக இல்லை. பழங்குடியினரை இழிவாகக் காட்டுபவை என்று ஏறத்தாழ 5,000 நூல்கள் அதன் பள்ளிகளிலிருந்து அகற்றப்பட்டன என்பதும், 2019இல் ‘தூய்மைச் சடங்கு’ என்ற பெயரில் முப்பதளவு நூல்கள் எரிக்கப்பட்டு அச்சாம்பல் மரக்கன்றுக்கு உரமாக இடப்பட்டது என்பதும் 2021இல் ரேடியோ-கனடா வழியே வெளிவந்தன. இதனை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதோடு ஒப்பிடுவது தவறு. அது ஓர் இனத்தின் அறிவுச் செல்வத்தை அழிக்க அதிகாரத்தின் துணையோடு நடந்த வன்செயல், இது நல்லெண்ணத்தில் விளைந்த பிழை. ஆனால் பழங்குடிக் குழந்தைகளைப் பற்றி இன்னொரு தலைமுறைக் குழந்தைகளுக்கு என்ன கற்பிக்கப்பட்டது என்பதற்கான நேரடி ஆவணம் அந்த நூல்களே. பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளின் கொடுமையை ஒரு சமூகம் இவ்வளவு காலம் கண்டும் காணாதிருந்தது எவ்வாறு என்று கேட்பவருக்கு, அச்சமூகம் தன் பிள்ளைகளுக்குப் பரிசளித்த கதைகள் தேவைப்படும். குழந்தைகளின் அலமாரியிலிருந்து விலக்குவதும் உலகிலிருந்தே நீக்குவதும் ஒன்றல்ல.

6. புதிய வாசகர்

இந்நூல்களை இன்று கையில் எடுப்பவர், அவை யாருக்காக அச்சிடப்பட்டனவோ அவர்களின் வழித்தோன்றலாக இருக்க வேண்டியதில்லை. 1977இல் இயற்றப்பட்ட பிரெஞ்சு மொழிச் சாசனம், பரவலாக 101ஆம் சட்டம் எனப்படுவது, குடியேறியவரின் பிள்ளைகளைப் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிகளில் சேர்த்தது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து மொன்றியலுக்கு வந்த தமிழர்களின் பிள்ளைகளும் அவ்வாறே பிரெஞ்சில் எழுத்தறிவு பெற்றனர். பழைய பொருட்கடையோ புதிதாக வந்த குடும்பம் குளிர் அங்கியும் பாத்திரமும் வாங்கும் முதல் இடங்களுள் ஒன்று. பிள்ளைக்குப் புத்தகம் மலிவாகக் கிடைப்பதும் அங்கேதான். காஸ்கிரேனோ அத்தனாஸ் தாவிதோ கற்பனை செய்திராத வாசகர் இவர்.

அத்தகைய வாசகர் பெரீனையும் ஷார்லோவையும் எவ்வாறு காண்பார் என்பதை விதியாக உரைக்க முடியாது. ஆனால் 1986 ஆகஸ்டில் 155 தமிழர்கள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மீட்கப்பட்ட நிகழ்வைக் குடும்பத்தாரின் வாய்மொழியில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, பெற்றோரற்ற இரு குழந்தைகள் கடல் கடந்து அந்நிய நிலத்தில் இறங்கும் கதை தேசியப் பெருமிதத்தின் கதையாகத் தோன்ற வேண்டிய கட்டாயம் இல்லை. கொடுத்தவரின் நோக்கம் பிரதியின் முதற்பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தாலும், அது வாசிப்பைக் கட்டுப்படுத்துவதில்லை என்பதை இங்கே காணலாம். கருத்தியல் விமர்சனம் மட்டும் போதாது என்பதற்கு இதுவே வலுவான காரணம்.

இதே கேள்வி தமிழ் நூல்களுக்கும் விரைவில் வரும். 1980களிலிருந்து பெட்டிகளில் வைத்து மொன்றியலுக்குக் கொண்டுவரப்பட்ட அம்புலிமாமா இதழ்களும், அழ. வள்ளியப்பாவின் பாடல் தொகுதிகளும், இலங்கைப் பாடநூல்களும் முதல் தலைமுறையினரின் வீடுகளில் உள்ளன. அவ்வீடுகள் கலையும்போது அவற்றுள் சில பழைய பொருட்கடைக்கே போகும். எழுத்தை அறியாத வகைபிரிப்பாளருக்கு அவற்றின் அட்டையும் நிலையும் மட்டுமே தெரியும் என்பதால், கிழிந்தவை, அதாவது மிகுதியாக வாசிக்கப்பட்டவை, அடுக்குக்கே வராமல் காகிதக் கழிவாகலாம். கியூபெக்கில் அச்சாகும் தமிழ் நூலுக்குச் சட்டவழிச் சேமிப்பில் இடம் உண்டு. யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ அச்சாகிப் பெட்டியில் வந்ததற்கு அங்கே இடமில்லை. இலங்கைத் தமிழ் நூல்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் வாசகங்களைக் காத்துவருகிறது. ஆனால் முன்பக்கத்தில் எழுதப்பட்ட பெயர், ஊர், பள்ளி, ஆண்டு, பின்பு வேறு மையில் சேர்க்கப்பட்ட கனடிய முகவரி ஆகியவை அந்தந்தப் பிரதிக்கே உரியவை. அவற்றைக் குடும்பத்தாரின் இசைவோடு பதிவு செய்வதற்குப் பொருத்தமான நேரம், நூல்கள் இன்னும் வீட்டு அலமாரியில் இருக்கும் இப்போதைய காலம்தான்; நூல் கடைக்கு வந்தபின், எந்த வீட்டிலிருந்து, எந்த நூல்களோடு சேர்ந்து வந்தது என்ற செய்தி அதனிடமிருந்து பிரிந்துபோயிருக்கும்.